ஆறு மேசைக்கு ஒரு ஃபேன்

வரிசையக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. மடிப்பு அறையில் பன்னிரண்டு பெண்கள், ஆறு மேசைகள். எங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, கழிப்பறை ஒன்று, சாப்பிடச் சன்னலோரமாக இருவர் உட்காரும் பெஞ்சு ஒன்று. அக்கா வருவதற்கு முன்பு மூன்றுக்கும் தினமும் சண்டைதான். யாருக்கு வாய் நீளமோ அவளுக்கு முதலில் தண்ணீர். பெரும்பாலும் அது நான்.

வந்த இரண்டாவது வாரமே இவள் துணிக்கு அடையாளமிடும் பென்சிலை எடுத்துச் சுவரில் கட்டம் போட்டாள். குழாய்க்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒரு வரிசை, பெஞ்சுக்கு ஒரு வரிசை. மாதவிலக்காகித் தூரமாக இருப்பவள் மட்டும் கழிப்பறை வரிசையைத் தாண்டிப் போகலாம், யாரும் ஏனென்று கேட்கக் கூடாது.

"என்னக்கா, மூச்சு விடறதுக்கும் வரிசை உண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா முறை வச்சுத்தான் ஆகணும். உனக்கும் வரும், இரு" என்றாள். கோபப்படவில்லை. அவள் கோபப்படாததுதான் எனக்கு எரிச்சல்.

ஏழு பிள்ளைகள், இரண்டு போர்வை என்று வளர்ந்தவள் அவள். மூத்தவள். எந்த ராத்திரி யாருக்குப் போர்வை என்று முடிவு செய்வது ஏழு வயதிலிருந்தே அவள் வேலை. அப்படி வளர்ந்ததால், உலகத்தில் எது பற்றாமல் போனாலும் முறை வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நம்பினாள். பத்தொன்பது வருடம் அதே அறையில் நின்றாள். கணவர் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுபவர், மகன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருப்பது இரண்டு அறை. அதில் ஒன்றில் அவளுடைய கடைசித் தங்கை.

இந்தத் தங்கையைச் சின்னவள் என்போம். இவள் புருஷன் பால் வாங்கப் போனவன், பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டே இருக்கிறான். அக்கா கையோடு கூட்டி வந்து வீட்டிலும் வைத்தாள், மேசையிலும் தனக்கு ஜோடியாக வைத்தாள். அக்காவின் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வேலைக்குப் போறவரைக்கும் இருக்கட்டும். சும்மா உக்காந்து சாப்பிட என் வீடு சத்திரம் கிடையாது." இதைச் சின்னவள் காதுபடவே சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அக்காவுக்குத் தெரியும், சின்னவளுக்கும் தெரியும்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி ரோலரிலிருந்து படுக்கை விரிப்பு கொதிக்கக் கொதிக்க வரும். இருவர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தோளுயரத்துக்குத் தூக்கி ஓர் உதறு உதறி, நீளவாக்கில் இரண்டு மடிப்பு மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி மடித்து அடுக்க வேண்டும். பத்து சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டின்மேல் மேசை எண் எழுதிய சீட்டைச் செருகிக் கூடையில் போட்டால், சாயங்காலம் சீட்டை எண்ணுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மேசையிடம் ஐந்நூற்றைம்பது விரிப்பு கேட்டார்கள். நாங்கள் அறுநூற்றைம்பது போல எடுத்துக்கொண்டிருந்தோம்.

சின்னவளுக்கு இடது தோள் போய்விட்டிருந்தது. பத்து வருட உதறலில் போனது. கை மார்புக்கு மேலே எழும்பாது. அதனால் அக்கா உதறும்போதெல்லாம் முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்பாள். துணி தாழ்ந்து வரும், தங்கை கையைத் தூக்க வேண்டியதில்லை. நடை மிச்சமாகட்டும் என்று ரோலரை ஒட்டிய மேசையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறையிலேயே அதிகம் வேகிற மேசை அது. இருந்தும் அறுநூற்று இருபது எடுத்தார்கள். ஒரு நாளைக்கு அறுநூற்று இருபது தடவை அந்த மனுஷி முட்டியை மடக்கினாள். நான் எண்ணிப் பார்த்ததில்லை, இப்போதுதான் கணக்குப் போடுகிறேன்.

அப்படி இருந்த அறைக்குப் புது மேனேஜர் வந்தார். நல்ல சட்டை, மெதுவான குரல், எல்லாரையும் வாங்க போங்க என்பார். வந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார். உங்கள் வேலைத்திறனையும் ஈடுபாட்டையும் கூட்டுவது எது, பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள் என்று இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தை எழுதினோம்: ஃபேன். எழுதத் தெரியாத ஒருத்தி மூன்று இறக்கை வரைந்து கொடுத்தாள்.

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "பன்னிரண்டு பேர் மனசுலயும் ஒரே எண்ணம். இந்த ஒற்றுமைதான் எனக்கு வேணும்" என்று கூட்டம் போட்டுச் சொன்னார். மறுநாள் ஒரு ஃபேன் வந்தது. ஒன்றே ஒன்று, நின்று தலையாட்டுகிற வகை. வாரத்தில் எந்த மேசை அதிகம் மடிக்கிறதோ, அடுத்த வாரம் முழுக்க அந்த மேசைக்கு ஃபேன். ஊக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

"ஸ்டோர்ல இன்னும் அஞ்சு இருக்கு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கல" என்று ஸ்டோர்க்காரர் என்னிடம் சொன்னார். நான் போய் எல்லாரிடமும் சொன்னேன். சொல்லி என்ன, ஃபேன் ஸ்டோரில்தான் இருந்தது.

முதல் வாரம் எல்லாரும் பேய் பிடித்த மாதிரி மடித்தோம். எனக்கு அப்போது ஜோடி நெட்டை. அவள் கை நீளத்துக்கு உதறினால் துணி தானே மடியும். நாங்கள்தான் ஜெயித்தோம். திங்கட்கிழமை ஃபேன் எங்கள் மேசைப் பக்கம் வந்தது. அதன் முதுகில் ஒரு குமிழ் இருந்தது. அழுத்தினால் தலையாட்டி அறை முழுக்கக் காற்றைக் கொடுக்கும். தூக்கிவிட்டால் ஒரே பக்கம் நிற்கும். நான் தூக்கிவிட்டேன். வியர்வை காய்ந்த முதுகோடு வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புதன்கிழமை மதியம் சின்னவள் ரோலர் பக்கம் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அப்போதும் நான் குமிழை அழுத்தவில்லை.

அன்று சாயங்காலம் உடை மாற்றும் இடத்தில் அக்கா எல்லாரையும் நிறுத்தினாள்.

"ஆறு மேசை இருக்கு, வாரம் ஒரு மேசை ஜெயிக்கட்டும். யாரு முறையோ அவங்களுக்கு மத்த அஞ்சு மேசையும் தினம் அஞ்சு கட்டு குடுத்துடணும். அவங்க சீட்டைச் செருகிப் போட்டா முடிஞ்சுது."

"அஞ்சு எதுக்குக்கா? ஆளுக்கு ஒரு கட்டு குடுத்தாலே ஜெயிச்சிடலாமே" என்றேன்.

"ஒண்ணு குடுத்தா, யாராவது ஒருத்தி கொஞ்சம் வேகமா மடிச்சு முறையைக் கெடுத்துடலாம். அஞ்சுன்னா கெடுக்க முடியாது." சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மற்ற பத்துப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். தப்பாகப் பார்க்கவும் இல்லை. அந்த அஞ்சு கட்டு என் பொருட்டு வைத்த அஞ்சு. என்னை நம்ப முடியாது என்பதற்காக வைத்தது.

அடுத்த ஆறு வாரத்தைப் போல அந்த அறையில் ஒரு காலம் இருந்ததில்லை. யாரும் யாருக்கும் போட்டியில்லை. முறை வந்த மேசை தொள்ளாயிரம் எடுத்ததாகக் காட்டும், மற்றதெல்லாம் அறுநூறில் நிற்கும். குமிழை அழுத்தியே வைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம், நானும் அதற்குக் கட்டுப்பட்டேன். அக்கா தங்கையின் முறை நான்காவது வாரம் வந்தது. அவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு என்பதால், யாரும் கேட்காமலே நாங்கள் ஒரு கட்டு சேர்த்துப் போட்டோம். நான்கூடப் போட்டேன். சின்னவள் தாடையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் நின்றதைப் பார்த்து நெட்டை, "சினிமாக்காரி மாதிரி நிக்குறா பாரு" என்று சிரித்தாள்.

ஜெயித்த ஜோடியை மேனேஜர் வாராவாரம் படமெடுத்துச் சுவரில் ஒட்டினார். ஆறாவது வாரம் முடிந்தபோது ஆறு படமும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தொள்ளாயிரம், தொள்ளாயிரத்துப் பத்து, தொள்ளாயிரத்து ஐந்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நாங்கள் தினமும் பார்த்தோம். பார்த்துச் சிரிக்கவும் செய்தோம், அவர் காதில் பூச் சுற்றிவிட்டோம் என்று.

ஏழாவது திங்கட்கிழமை கூட்டம் போட்டார்.

"முடியாதுன்னு சொல்ற மேசை இந்த அறையில ஒண்ணுகூட இல்ல. ஆறு மேசையுமே தொள்ளாயிரம் எடுத்துக் காட்டிட்டீங்க. உங்க திறமை உங்களுக்கே தெரியாம இருந்திருக்கு. அதனால இனிமே எல்லாருக்கும் தொள்ளாயிரம். ரெண்டு வாரம் தொடர்ந்து எண்ணூத்தி அம்பதுக்குக் கீழ போற மேசையில, யாரால குறையுதோ அவங்களை நிறுத்திடுவோம்."

 முடியாது என்று எப்படிச் சொல்வது? எங்கள் தொள்ளாயிரம் பொய் என்றால், பொய்ச் சீட்டு செருகினால் வேலை நீக்கம் என்று கூடைக்கு மேலேயே எழுதியிருந்தது. நாங்களே எங்கள் கழுத்துக்கு அளவெடுத்துக் கொடுத்திருந்தோம். பதினொரு தலையும் ஒன்றாக அக்கா பக்கம் திரும்பின. அவள் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்குச் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த வரிசைக் கட்டங்களை எல்லாம் தேய்த்து அழித்தேன். "இனிமே யாருக்கு வேகமோ அவளுக்குத் தண்ணி" என்றேன். யாரும் தடுக்கவில்லை. வரிசையக்கா என்ற பெயர் அன்றிலிருந்து வசவாக ஆனது. எரிகிற விரலை ஊதிக்கொண்டே "எல்லாம் வரிசையக்கா புண்ணியம்" என்பாள் ஒருத்தி. கழிப்பறைக்கு அவள் போனால் வேண்டுமென்றே இன்னொருத்தி முந்துவாள். சின்னவள் அழுவாள். அக்கா மடித்துக்கொண்டே இருந்தாள்.

தொள்ளாயிரம் எடுப்பதென்றால், அரை நிமிடத்துக்கு ஒரு விரிப்பு. தண்ணீர் குடித்தால் இரண்டு விரிப்பு போகும், கழிப்பறை போனால் எட்டு. நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். ஐந்து மேசை எப்படியோ நாக்குத் தள்ள எண்ணூற்றைம்பதைத் தொட்டது. அக்கா தங்கை மேசை அறுநூற்று நாற்பதில் நின்றது. முதல் வாரம் அப்படியே போனது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தாள்.

"ஒரு கட்டு குடு. எல்லார்கிட்டயும் ஒண்ணொண்ணு கேக்கறேன். சின்னவளை நிறுத்திட்டா அவ வீட்டுலயும் இருக்க முடியாது, உனக்குத் தெரியும்."

"உன் முறை வரட்டும், தர்றேன்" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னேன். நெட்டை சிரித்தாள். எங்களிடம் அன்று எண்ணூற்று எழுபது இருந்தது. ஒரு கட்டு கொடுத்திருக்கலாம், இரண்டும் கொடுத்திருக்கலாம். ஐந்து மேசை சேர்ந்து கொடுத்தாலும் அவர்கள் எண்ணூற்றைம்பதைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நான் இப்போது எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மறுக்கவில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் அறைக்கு வெளியே லீவுச் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நெட்டை மணிக்கட்டு வீங்கி வேலையை விட்டுப் போய்விட்டிருந்தாள். ஜோடியில்லாத நாளில் டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவர் அறைக் கதவு பாதி உயரம்தான். உள்ளே நிற்பது அக்கா என்று கதவுக்குக் கீழே தெரிந்த காலை வைத்தே கண்டுகொண்டேன்.

"சார், அந்தத் தொள்ளாயிரம் பொய். மத்த மேசைக் கட்டுல சீட்டு மாத்திப் போட்டோம். நான்தான் சொல்லிக் குடுத்தேன், மத்தவங்க மேல தப்பில்ல. என்னை நிறுத்திட்டு எல்லாருக்கும் பழைய எண்ணிக்கையே வைங்க."

"தெரியும்மா" என்றார் மேனேஜர். அதே மெதுவான குரல். "உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"ஃபேன் வர்றதுக்கு முன்னாடி மொத்த அறையும் சேர்ந்து ஒரு நாளைக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வந்த முதல் வாரம் கொஞ்சம் ஏறுச்சு, அப்புறம் மறுபடி அதே. ஒரு துணி கூடல. ஆனா வாரத்துக்கு ஒரு மேசை மட்டும் தொள்ளாயிரம். இது புரிய பெரிய படிப்பா வேணும்? ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் படமெடுத்து ஒட்டினீங்க?"

"இப்ப எவ்வளவு வருது? நாலாயிரத்து எண்ணூறுக்கு மேல வருது. பொய்யில்லாம வருது. முடியாதுன்னா எப்படிம்மா வரும்?"

அக்காவின் கால்கள் கதவை நோக்கித் திரும்பின.

"நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்துச்சுன்னா பன்னிரண்டு பேரையும் நிறுத்தணும். உங்க தங்கச்சியையும் பொய்ச் சீட்டுக்காரின்னு எழுதித்தான் அனுப்பணும். அப்புறம் வேற எங்கயும் அவங்களுக்கு வேலை கிடைக்காது. எழுதட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றாள்.

"உங்களை அனுப்ப எனக்கு மனசே இல்ல. இந்த அறையில ஈடுபாடுன்னா அது நீங்கதான். கை தூக்க முடியாத ஆளை வச்சுக்கிட்டு அறுநூறுக்கு மேல எடுக்கறீங்க. நல்ல ஜோடி குடுத்தா எங்கயோ போயிடுவீங்க."

வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அஞ்சு வேண்டாம், ஒண்ணு போதும்னு நீ அன்னைக்கே சொன்னே" என்றாள்.

ஒன்று என்றிருந்தாலும் அந்த மனுஷன் வேறொரு வழி கண்டுபிடித்திருப்பார், உன் தப்பில்லை அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்பட்டது, எனக்குத் தெரியும். "ஆமா, சொன்னேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சின்னவளை நிறுத்தினார்கள். அக்காவின் கணவர் வாக்குத் தவறாதவர். பத்து நாள் அவகாசம் கொடுத்தார், அதுவே அதிகம் என்றார். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை சின்னவளுக்குக் கிடைத்தது. சமையலறையில் படுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஆறு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு.

அவள் கிளம்பிய காலை நானும் அதே நிறுத்தத்தில் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்கா பையைப் பிடித்திருந்தாள். சின்னவள் அழவில்லை, சிரிக்கப் பார்த்தாள்.

"வீட்டுலயும் ஒரு வரிசை போட்டிருக்கலாம்க்கா. ஒரு மாசம் நான் இருக்கேன், ஒரு மாசம் மாமா இருக்கட்டும்னு."

அக்கா சிரிக்கவில்லை. பஸ் வந்தது. சின்னவள் வலது கையால் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவள் உட்கார இடம் கிடைத்ததா என்று அக்கா எம்பி எம்பிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே மேனேஜர் என்னை அக்காவோடு ஜோடி சேர்த்திருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பழிவாங்குவாளோ என்று. அவள் முதல் விரிப்பை எடுத்து முனையை என் கையில் கொடுத்து, உதறும்போது முட்டியை மடக்கித் தாழ்ந்தாள். துணி என் இடுப்புக்கு வந்தது.

"நிமிந்து நில்லுக்கா. என் கை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

நிமிர்ந்தாள். அடுத்த விரிப்புக்கு மறுபடி தாழ்ந்தாள். மறுபடி சொன்னேன். மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் அந்த முட்டி நேராகிவிட்டது. அதன்பிறகு எங்கள் வேகத்துக்கு அந்த அறையில் ஈடில்லை.

அதற்கடுத்த வாரம் தொள்ளாயிரத்து முப்பது எடுத்தோம். ஒரு சீட்டும் மாற்றவில்லை. திங்கட்கிழமை மேனேஜரே ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் வைத்தார். "நான் சொன்னேன்ல" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படமெடுத்தார். அக்காவும் சின்னவளும் நின்ற பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஒட்டினார்.

அவர் போனதும் அக்கா எட்டி ஃபேனின் குமிழை அழுத்தினாள். அது தலையைத் திருப்பி அடுத்த மேசைக்குக் காற்றைக் கொண்டு போனது. அங்கே ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். என் முதுகில் வியர்வை மறுபடி ஊறியது. பத்தொன்பது வருடம் முறை வைத்தவள், தங்கையை அனுப்பிய பிறகும் முறை வைக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அவள்மேல்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் கை நீட்டிக் குமிழைத் தூக்கிவிட்டேன். ஃபேன் எங்கள் பக்கம் திரும்பி நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள். பிறகு விரிப்பின் முனைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள். மறுபடி அவள் அதை அழுத்தவே இல்லை.